கையை எடுக்கும் நேரம்



கற்பித்தல் பற்றிய இந்தச் சொற்பொழிவு வரிசையில் இவ்வாண்டு வகுப்பறைக்கு வெளியிலிருந்து ஒருவனை அழைத்திருக்கிறீர்கள். நான் விமானப் பயிற்றுநர். கரும்பலகை கிடையாது, கொஞ்சம் நிறுத்தி யோசிக்கலாம் என்றால் வழி கிடையாது, மாணவர் தவறினால் ஆசிரியரும் சேர்ந்தே விழ வேண்டும். அப்படியோர் இடத்தில் பாடம் நடத்தியவன். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு செய்திதான். ஆபத்தை மாணவரின் கண்ணில் படாமல் மறைத்து வைப்பவரால் நல்ல விமானியை உருவாக்க முடியாது. ஆபத்துக்குள் மாணவரைக் கூடவே அழைத்துப் போய், மாணவரின் கையாலேயே வெளியே வரச் செய்ய வேண்டும். விமான உலகம் இதை உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்றது. நடுவில் மறந்தது. மறுபடியும் விலை கொடுத்தது.

முதலாம் உலகப்போரின் நடுப்பகுதிக்குப் போவோம். 1916. பிரிட்டனின் ராயல் ஃப்ளையிங் கோர் படைக்கு விமானிகள் போதவில்லை. பயிற்சிப் பள்ளிகளில் நடந்ததைப் பயிற்சி என்று சொல்வதற்கே மனம் வராது. பயிற்றுநர்களில் பலர் போர்முனையில் களைத்துப்போய் ஓய்வுக்காக அனுப்பப்பட்டவர்கள். எப்படிக் கற்பிப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எதிரிகளான ஜெர்மானியர்களை ‘ஹன்’ என்று வசைபாடிய அவர்கள், அதே பெயரைத் தங்கள் மாணவர்களுக்கும் வைத்திருந்தார்கள். எதிரியைப் போலவே மாணவனும் தன் உயிருக்கு உலை வைக்கக்கூடியவன் என்ற பயம்தான் காரணம். எஞ்சின் இரைச்சலில் பேச்சு காதில் விழாது. தோளில் தட்டுவார்கள், அல்லது எஞ்சினைக் குறைத்துவிட்டு ஒரு வாக்கியம் கத்துவார்கள். விமானத்தை உண்மையில் யார் ஓட்டினார்கள் என்பது மாணவருக்கே தெரியாமல் வகுப்பு முடியும். காற்று வீசினால் பறக்காதே, கூர்மையாகத் திருப்பாதே, ஸ்பின் பக்கமே போகாதே என்ற விலக்குகள்தான் பாடத்திட்டமாக இருந்தன. இப்படிப் படித்து, சில மணி நேரம் மட்டும் தனியே பறந்த இளைஞர்கள் பிரான்சின் போர்முனைக்குப் போனார்கள். பலர் அங்கே போய்ச் சேருமுன் பயிற்சி மைதானத்திலேயே மாண்டார்கள்.

போர்முனையில் அவர்களை வரவேற்ற அதிகாரிகளில் ஒருவர் ராபர்ட் ஸ்மித்-பாரி. 1914 ஆகஸ்டில் பிரான்சில் விமானம் விழுந்து கால் முறிந்தவர். 1916 ஜூலையில் 60ஆம் ஸ்குவாட்ரனின் தளபதி கொல்லப்பட்டதும் அந்தப் பொறுப்பு இவருக்கு வந்தது. புதிதாக வந்த பிள்ளைகளின் நிலையைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் மேலிடத்துக்கு எழுதினார். பயிற்சி முறையே பிழை என்றார், வேறு எப்படிச் செய்யலாம் என்றும் சொன்னார். குறை சொன்னவரையே செய்துகாட்டச் சொல்வது படைகளில் அபூர்வம். இவர் விஷயத்தில் அது நடந்தது. 1916 டிசம்பரில் இங்கிலாந்தின் தென்கரையில் காஸ்போர்ட் என்னும் ஊரிலிருந்த பயிற்சிப் பிரிவை இவரிடம் ஒப்படைத்தார்கள்.

ஸ்மித்-பாரி செய்த மாற்றங்களில் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் வியப்பு. அவ்ரோ 504 என்ற இரட்டை இருக்கை விமானத்தில் இருவருக்கும் முழுக் கட்டுப்பாட்டுக் கருவிகளை வைத்தார். தனியாகப் பறக்கும் நாளில் எந்த இருக்கையில் உட்கார வேண்டுமோ, அந்த இருக்கையிலேயே மாணவரை முதல் நாளிலிருந்து உட்கார வைத்தார். இருவர் தலைக்கவசங்களுக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாயைப் பொருத்திப் பேச்சுக்கு வழி செய்தார். ‘காஸ்போர்ட் குழாய்’ என்ற பெயரில் அது பல பத்தாண்டுகள் பயன்பட்டது. தனிப் பறப்பு முடிந்தால் பாடம் முடிந்தது என்ற வழக்கத்தை நிறுத்தி, அதற்குப் பிறகும் பயிற்றுநரை மாணவரோடு அனுப்பினார். எல்லாவற்றுக்கும் மேலாக, விலக்கிவைத்த ஒவ்வொன்றையும் பாடமாக்கினார். குறுக்குக் காற்றில் இறங்குவதும் செங்குத்தான திருப்பமும் மாணவர்கள் தாங்களே செய்து பழக வேண்டியவை ஆயின. ஸ்பின்னும் அப்படித்தான்.

ஸ்பின் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் அளவைத் தாண்டினால், பெரும்பாலான சிறு விமானங்களில் ஏறத்தாழ 15 டிகிரியைத் தாண்டினால், இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்துவிடும், தூக்கும் விசை சரிந்துவிடும். இதைத்தான் ஸ்டால் என்கிறோம். எஞ்சின் நின்றுபோவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஓர் இறக்கை மற்றதைவிட ஆழமாக ஸ்டால் ஆனால் விமானம் அந்தப் பக்கம் சரிந்து, மூக்கைக் கீழே வைத்துச் சுழன்றபடி விழும். அதுதான் ஸ்பின். அப்போது மனித உடல் செய்யச் சொல்வது ஒன்று: கட்டுப்பாட்டுக் கோலான ஸ்டிக்கைப் பின்னால் இழு, மூக்கைத் தூக்கு. இறக்கையை ஸ்டாலிலேயே பிடித்து வைப்பதும் அந்த இழுப்புதான். தரை நெருங்க நெருங்க மேலும் இழுக்கத் தோன்றும். மேலும் விழும்.

1912 ஆகஸ்டில் சாலிஸ்பரி சமவெளியில் வில்ஃப்ரெட் பார்க் என்ற கடற்படை விமானி இந்தச் சுழலில் சிக்கினார். இழுத்துப் பார்த்தார், பலன் இல்லை. கடைசி நேரத்தில் சுழலுக்கு எதிர்ப்பக்கம், வால் சுக்கானான ரடரை முழுதாக மிதித்தார். தரைக்கு மிக அருகில் விமானம் நேரானது. இறங்கியதும் என்ன செய்தேன், என்ன ஆயிற்று என்று ஒவ்வொரு அசைவையும் விவரித்தார். அவர் சொன்னது உடனே அச்சிலும் வந்தது. ஆனாலும் நான்கு ஆண்டுகள் கழித்தும் பள்ளிகளில் ஸ்பின் என்றால் மரணம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். மருந்து தெரிந்தும் மாணவர் கைக்கு அது போகவில்லை. காஸ்போர்ட்டில் மாணவர் தாமே விமானத்தை ஸ்பின்னுக்குள் கொண்டுபோனார். எஞ்சினைக் குறைத்து, எதிர் ரடரை மிதித்து, ஸ்டிக்கை முன்னால் தள்ளி, தாமே வெளியே கொண்டுவந்தார். முன் இருக்கையில் பயிற்றுநர் இருந்தார், ஆனால் அவர் கை ஸ்டிக்கில் இல்லை. ஒரு மாணவர் இதைச் சில முறை செய்துவிட்டால், ஸ்பின் அவருக்கு ஒரு நிகழ்வு, அவ்வளவுதான். பேயாக இருந்தது போய்விடும்.

1917 ஆகஸ்டில் காஸ்போர்ட், பயிற்றுநர்களுக்கே பயிற்சி தரும் பள்ளியாக விரிந்தது. மாணவரைச் சேர்ப்பதற்கு முன் ஆசிரியரைத் தயார் செய்ய வேண்டும், ஆசிரியருக்கும் தேர்வு வைக்க வேண்டும் என்பது அங்கே உறுதிப்பட்டது. அங்கே படித்தவர்கள் மற்றப் பள்ளிகளுக்குப் போக, முறையும் கூடவே போனது. உலக விமானப் படைகளுக்குப் பறக்கக் கற்றுக் கொடுத்தவர் ஸ்மித்-பாரி என்ற பொருளில், அப்படையின் தளபதியாக இருந்த டிரென்சார்டு பின்னாளில் பாராட்டினார். அது மிகையில்லை. அந்த மரபின் கிளை ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இந்திய விமானப்படையின் பயிற்றுநர் பயிற்சிப் பள்ளி 1948இல் அம்பாலாவில் தொடங்கி 1954இல் தாம்பரத்துக்கு வந்தது. நட்பு நாடுகளின் விமானிகளும் அங்கே வந்து கற்பிக்கக் கற்றுப் போகிறார்கள். ஜி.எஸ்.டி. சாலையில் தினமும் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இப்போது காக்பிட்டுக்குள் வாருங்கள். சிறிய செஸ்னா விமானம், பக்கத்துப் பக்கத்து இருக்கை. இடப்பக்கம் மாணவி, வலப்பக்கம் பயிற்றுநர். தரையிறங்கும் பாடம். அவள் கண்ட்ரோலைப் பிடித்திருக்கிற பிடியில் விரல் மூட்டுகள் வெளுத்திருக்கின்றன. இறுகப் பிடித்த கைக்கு விமானம் சொல்வது எதுவும் கேட்காது. ‘தளர்வாகப் பிடி’ என்று பத்து முறை சொல்லிப் பாருங்கள், கை தளராது. பழைய பயிற்றுநர்கள் ஒரு பென்சிலை எடுத்து மாணவரின் நடுவிரலுக்கு மேலும் பக்கத்து விரல்களுக்குக் கீழுமாகச் செருகிவிடுவார்கள். இறுக்கிப் பிடித்தால் பென்சில் வலிக்கும். அறிவுரை எட்டாத இடத்துக்கு அந்த வலி எட்டும். ஐந்து நிமிடத்தில் இரண்டு விரலால் ஓட்டத் தொடங்குவாள். முழுக் கவனமும் கருவிகளிலேயே போய் ஒட்டிக்கொண்டால், ஒரு காகிதத்தால் அவற்றை மூடி விடுவோம். வேறு வழியில்லாமல் கண் தொடுவானத்துக்குப் போகும். விமானத்தின் நிலையை அங்கேதான் பார்க்க வேண்டும்.

ஓடுதளத்தின் தொடக்கத்தைத் தாண்டுகிறோம். எஞ்சினைக் குறைத்தாயிற்று. மூக்குக்கு நேர் கீழே விரைந்தோடும் தரையையே பார்க்கிறாள். எல்லாப் புதியவர்களும் அங்கேதான் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தால் உயரம் தெரியாது. ‘தளத்தின் கடைக்கோடியைப் பார்’ என்கிறார் பயிற்றுநர், மூன்றே சொற்களில். பார்க்கிறாள், கொஞ்சம் தாமதமாக. சட்டென்று அதிகமாக இழுத்துவிடுகிறாள். விமானம் இறங்குவதற்குப் பதில் மேலே மிதந்து எழுகிறது, வேகம் கரைகிறது. பயிற்றுநர் என்ன செய்ய வேண்டும்?

மூன்று வகைப் பயிற்றுநர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் தொடக்கத்திலிருந்தே மாணவரோடு சேர்ந்து கண்ட்ரோலைப் பிடித்திருப்பார். தரையிறக்கம் அழகாக அமையும், மாணவி தானே இறக்கியதாக மகிழ்வாள், ஆனால் ஒன்றும் கற்றிருக்க மாட்டாள். ஒரே கண்ட்ரோலில் இரண்டு கைகள் இருப்பது ஆபத்தும்கூட. அதனால்தான் ‘ஐ ஹேவ் கண்ட்ரோல்’, ‘யூ ஹேவ் கண்ட்ரோல்’ என்று வாயால் சொல்லி, மறுமொழி பெற்றுக் கைமாற்றும் ஒழுங்கு உலகெங்கும் இருக்கிறது. இன்னொருவர் விமானம் மிதந்ததுமே பிடுங்கிக்கொள்வார். மாணவி தன் தவறைத்தான் பார்த்திருப்பாள், அதற்கான திருத்தத்தைப் பார்த்திருக்க மாட்டாள். மூன்றாமவர் தம் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு ஒரு நொடி காத்திருப்பார். அவளாக மூக்கைச் சற்றுத் தணித்துச் சமாளிக்கிறாளா, அல்லது எஞ்சினை முழுதாகத் திறந்து மறுபடி சுற்றி வர முடிவெடுக்கிறாளா என்று பார்ப்பார். அந்த ஒரு நொடிக்குள் தாமே மீட்க முடியும் என்ற கணக்கு அவருக்கு உண்டு. அந்தக் கணக்கு தம் திறமையின் எல்லை தெரிந்தவருக்குத்தான் வரும். திறமை குறைந்தவர் சீக்கிரம் பிடுங்குவார். எல்லை தெரியாதவர் பிடுங்க வேண்டிய நேரத்தையும் தவறவிடுவார். பயிற்றுநரின் தகுதியை அளக்க ஓர் இடத்தைக் காட்டச் சொன்னால், நான் இந்த ஒரு நொடியைக் காட்டுவேன்.

பாடத்தின் பெரும்பகுதி தரையில் நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரைச்சலும் பதற்றமும் நிறைந்த காக்பிட் ஒரு மோசமான வகுப்பறை. பதற்றம் கூடும்போது முதலில் அடைபடுவது காது. ஆகவே புறப்படுமுன் தெளிவாகச் சொல்லிவிட்டு, மேலே குறைவாகப் பேசி, இறங்கியபின் உட்கார்ந்து பேச வேண்டும். இறங்கியதும் ‘நீயே சொல், எது சரியாக வந்தது, எது வரவில்லை’ என்று மாணவரை முதலில் பேச விடுபவரே நல்ல பயிற்றுநர். நாளை தனியாகப் பறக்கும்போது தன்னை மதிப்பிட அந்த மாணவருக்கு வேறு யாரும் இருக்கப் போவதில்லை.

விமான உலகம் இதை நடுவில் மறந்தது என்றேன் அல்லவா, அதற்கு வருகிறேன். 2009 பிப்ரவரி 12 இரவு, அமெரிக்காவில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் விமானம் தரையிறங்க வந்துகொண்டிருந்தது. வேகம் குறைந்ததைக் காக்பிட்டில் இருவரும் கவனிக்கவில்லை. ஸ்டால் நெருங்குகிறது என்று ஸ்டிக் நடுங்கி எச்சரித்தது. கேப்டன் பின்னால் இழுத்தார். இறக்கையைக் காப்பாற்ற ஸ்டிக்கைத் தானாக முன்னே தள்ளும் கருவி தள்ளியது. அதையும் எதிர்த்து இழுத்தார். தரையில் ஒருவரையும் சேர்த்து 50 பேர் மாண்டார்கள். அதே ஆண்டு ஜூன் 1 அன்று அட்லாண்டிக் மீது ஏர் பிரான்ஸ் 447 விமானத்திலும் ஸ்டால் எச்சரிக்கை ஒலித்துக்கொண்டிருக்க, கண்ட்ரோல் பின்னால் இழுக்கப்பட்டே இருந்தது. 228 பேர். 1912இல் பார்க்கின் உடல் அவருக்குச் சொன்ன அதே தவறான யோசனைதான் இரண்டு இடத்திலும் வென்றது.

இவர்கள் படிக்காதவர்களா? ஸ்டால் பாடம் படித்துத் தேறியவர்கள்தான். அந்தப் பாடம் எப்படி இருந்தது என்று பாருங்கள். அமெரிக்கத் தேர்வுகளில் ஸ்டால் அறிகுறியிலிருந்து மீளும்போது உயரம் மிகக் குறைவாகவே இழக்க வேண்டும் என்பது அளவுகோலாக இருந்தது. தேர்வில் எது மதிப்பெண் பெறுமோ அதைத்தான் பள்ளி கற்பிக்கும். எனவே எஞ்சினைக் கூட்டி, மூக்கைத் தாழவிடாமல் பிடித்து, உயரத்தைக் காப்பாற்றுவதையே பல ஆண்டுகள் பழக்கினார்கள். எச்சரிக்கை வந்த உடனே மீண்டுவிட வேண்டும். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று யாரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. ஸ்டிக்கைத் தானாகத் தள்ளும் கருவி தள்ளும்போது எப்படி இருக்கும் என்பதும் கோல்கன் விமானிகளுக்குக் கட்டாயப் பாடமாக இல்லை. 2012இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் அந்த அளவுகோலைக் கைவிட்டது. முதலில் கோணத்தைக் குறை, உயரம் போனால் போகட்டும் என்று மாற்றி எழுதியது. உல்ஃப்காங் லாங்கவீஷ என்ற விமானி 1944இலேயே ‘ஸ்டிக் அண்ட் ரடர்’ என்ற நூலில் இந்தக் கோணத்தைத்தான் பறத்தலின் மையம் என்று சாதாரண மொழியில் விளக்கியிருந்தார்.

இங்கே மறுபக்கத்தையும் சொல்வது நேர்மை. அமெரிக்காவில் 1949இல் தனியார் விமானி உரிமத் தேர்விலிருந்து ஸ்பின்னை நீக்கினார்கள். பயிற்றுநராக விரும்புவோர் மட்டும் அதைச் செய்து காட்ட வேண்டும். ஸ்பின் பயிற்சியிலேயே பலர் இறந்ததும், எளிதில் ஸ்பின் ஆகாத விமானங்களை உற்பத்தியாளர்கள் உருவாக்கட்டும் என்ற எண்ணமும் காரணங்கள். அந்த முடிவைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆபத்தைக் கற்பிக்கத் தகுதியான விமானமும் போதிய உயரமும் தேர்ந்த பயிற்றுநரும் இல்லாமல் ஆபத்துக்குள் போவது கற்பித்தல் ஆகாது. இன்று சிமுலேட்டர் இருப்பதால் உயிர் போகாமலே உள்ளே போய் வரலாம். எட்வின் லிங்க் 1929இல் சிமுலேட்டரின் முன்னோடியான தம் பயிற்சிக் கருவியை உருவாக்கியபோது, பறக்கக் கற்பிக்க அதை வாங்க அதிகம் பேர் இல்லை. 1934இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் சுமக்கப்போய், மோசமான வானிலையில் வரிசையாக இறந்த பிறகுதான் ராணுவம் 6 கருவிகளை வாங்கியது.

ஆனால் சிமுலேட்டரும் தவறாகக் கற்பிக்கும். 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவின் விமான நிலையத்தில், மூடுபனியில், இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுதளத்தில் மோதின. 583 பேர் மாண்டார்கள். அனுமதி இல்லாமல் புறப்பட்ட கே.எல்.எம். விமானத்தின் கேப்டன் வான் சான்டன், அந்த நிறுவனத்தின் 747 பயிற்சிக்கே தலைவர். ஆண்டுக் கணக்கில் சிமுலேட்டரில் கற்பித்தவர். சிமுலேட்டரில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. பயிற்றுநரே புறப்பட அனுமதி தந்துகொள்வார். அந்தப் பழக்கமும் அன்றைய அவசரத்துக்குத் துணைபோயிருக்கலாம் என்று விசாரணையில் பேசப்பட்டது. பக்கத்தில் இருந்த துணை விமானிக்கு 747 ஓட்டத் தகுதிச் சான்று தந்தவரும் அவரே, சுமார் இரண்டு மாதங்களுக்கு முன். கேப்டன் முதலில் எஞ்சினைக் கூட்டியபோது இன்னும் அனுமதி வரவில்லை என்று துணை விமானி தடுத்தார். கேப்டன் நிறுத்தினார். இரண்டாவது முறை நகர்ந்தபோது அவர் தடுக்கவில்லை. பின்னாலிருந்த ஃப்ளைட் எஞ்சினியர், எதிரே இருக்கும் விமானம் இன்னும் ஓடுதளத்தை விட்டு விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்று அழுத்தமாகப் பதில் வந்தது. அதற்குமேல் யாரும் வாய் திறக்கவில்லை.

தனக்குத் தகுதிச் சான்று தந்த குருவை ஒரே நாளில் இரண்டு முறை தடுக்க எத்தனை பேரால் முடியும்? நம் ஊர்ப் பிள்ளைகளால் முடியுமா? ஆசிரியர் சொன்னால் மறுபேச்சு இல்லை என்று வளர்ந்தவர்கள் நாம். அந்த மரியாதை எனக்கும் பிடிக்கும். காக்பிட்டில் மட்டும் அது வாயைக் கட்டக் கூடாது. 1979இல் நாசா நடத்திய பயிலரங்கிலிருந்து குழுவாகச் செயல்படும் பயிற்சி வளர்ந்து இன்று எல்லா விமான நிறுவனங்களிலும் பாடமாக இருக்கிறது. அந்தப் பாடம் அங்கே தொடங்கினால் தாமதம். முதல் வாரத்திலேயே பயிற்றுநர் வேண்டுமென்றே ஒரு சிறு தவறு செய்து, ‘சார், உயரம் தவறுகிறது’ என்று மாணவர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். சொன்னதும் நன்றி சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒரு கவலை. விமானம் கற்பிப்பவர்களில் பெரும்பகுதியினர் யார்? இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதை முடித்து, நிறுவன வேலை கிடைக்காத இளைஞர் உதவிப் பயிற்றுநர் தகுதி பெற்றுக் கற்பிக்க வருகிறார். அமெரிக்காவில் கோல்கன் விபத்துக்குப் பிறகு, 2013 முதல், நிறுவன விமானியாகப் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என்று விதித்தார்கள். அந்த மணிகளைச் சேர்க்கவே ஏராளமானோர் பயிற்றுநர் ஆகிறார்கள். அவர்களில் அருமையானவர்களும் இருக்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மணி சேர்ந்ததும் போய்விடுகிறவர், அந்த ஒரு நொடிக் கணக்கு கைவரும் தறுவாயில்தான் போகிறார். அவருடைய இடத்துக்கு இன்னொரு புதியவர் வருகிறார். 1916இல் களைத்தவர்களிடம் மாணவரை ஒப்படைத்தார்கள். இன்று அவசரத்தில் இருப்பவர்களிடம் ஒப்படைக்கிறோம்.

பயிற்சிப் பள்ளி நடத்துவோர் இந்த அவையில் இருந்தால் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டு தங்கக்கூடிய சம்பளத்தை உங்கள் மூத்த பயிற்றுநருக்குக் கொடுங்கள். பிள்ளையை விமானியாக்கப் பல லட்சம் கடன் வாங்கும் பெற்றோரே, பள்ளியில் எத்தனை விமானங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். என் பிள்ளைக்குக் கற்பிக்கப் போகிறவர் எத்தனை ஆண்டுகளாகக் கற்பிக்கிறார்? பாதியில் ஆள் மாறுவாரா? பறந்து முடித்தபின் உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்குகிறீர்களா? ஸ்டாலை என் பிள்ளை தன் கையாலேயே செய்து பார்ப்பாளா? இந்த நான்கு கேள்விகளுக்கும் நேரடியாகப் பதில் சொல்லாத பள்ளியில் பணம் கட்டாதீர்கள்.